பழைய நெல் கணக்கு நிரலில் விதிகளைத் தேடுதல்

செயல்முறை நடையில், அதாவது புரொசீஜர் என்ற வேலைப் படிகளின் வரிசையாக எழுதப்பட்ட ஒரு பழைய நிரலை, தரவையும் அதற்குரிய வேலையையும் ஆப்ஜெக்ட் என்ற ஒரே அலகுக்குள் சேர்த்துவைக்கும் பொருள்நோக்கு வடிவத்துக்கு மாற்றித் தரும்படி கேட்டால், நம்மில் பலரும் முதலில் செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. ஒவ்வொரு நிரல் கோப்புக்கும் ஒரு கிளாஸ் (ஆப்ஜெக்டுகளுக்கான அச்சு), ஒவ்வொரு புரொசீஜருக்கும் ஒரு மெத்தட் (கிளாஸுக்குள் இருக்கும் செயல்), நிரலின் எந்தப் பகுதியும் தொடக்கூடிய பப்ளிக் வேரியபிள்களுக்கெல்லாம் கிளாஸுக்குள் பொதுவாக நிற்கும் ஸ்டாட்டிக் ஃபீல்டுகள் என்று பெயரை மாற்றி அடுக்கிவிடுகிறோம். நிரல் ஓடுகிறது, புதிய மொழியில் இருக்கிறது, பார்வைக்கும் ஒழுங்காகத் தெரிகிறது. ஆனால் அடுத்த பருவத்தில் ஒரு விதி மாறும்போது, முன்பு எத்தனை இடங்களைத் தேடித் திருத்தினோமோ அத்தனை இடங்களை இப்போதும் தேட வேண்டியிருக்கிறது. இதை மறுபொறியியல் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பழைய நிரலுக்குள் சிதறிக் கிடக்கும் தொழில் விதிகளைக் கண்டெடுத்து, ஒவ்வொரு விதியும் யாருடைய பொறுப்பு என்று தீர்மானிப்பதுதான் இந்த வேலையின் உயிர் என்பதை, மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் சாலையில் இருக்கும் ஒரு நவீன அரிசி ஆலையின் கணக்கு நிரலோடு பழகிய அனுபவத்தில் சொல்கிறேன்.

அந்த நிரல், விண்டோஸுக்கு முந்தைய டாஸில் ஓடும் ஃபாக்ஸ்ப்ரோ 2.6 என்ற தரவுத்தள மொழியில் எழுதப்பட்டது. எழுதியவர் தொழில் தெரிந்தவர் என்பது படிக்கப் படிக்கப் புரிந்தது. நெல் கொள்முதல், எடை, சாக்குக் கழிவு, ஈரக் கழிவு, இறக்குக்கூலி, தரகு, முன்பணப் பிடித்தம், அரவை, அரிசி விற்பனை, பேரேடு என்று ஆலையின் நடப்பு முழுவதும் அதில் இருந்தது. கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம் வட்டாரங்களில் 1990களில் கணினி வாங்கிய ஆலைகளிலும் உரக்கடைகளிலும் இப்படிப்பட்ட நிரல்கள் நிறைய எழுதப்பட்டன. ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் நிறுவனத்தை 1992இல் வாங்கிய மைக்ரோசாஃப்ட், 1995இல் விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ 3.0 வழியாக அந்த மொழிக்குள்ளேயே கிளாஸ்களைக் கொண்டுவந்தது; பிறகு ஒன்பதாம் பதிப்போடு நிறுத்திக்கொண்டு, 2015 ஜனவரியில் அதற்கான ஆதரவையும் முடித்துக்கொண்டது. ஆலைகளில் இருந்த டாஸ் நிரல்களில் பெரும்பாலானவை அந்தப் பாதையில் போகவே இல்லை. 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல்களை நேரடியாக ஓட்டாது என்பதால், அலுவலகத்துக் கணினி பழுதாகிப் புதியது வாங்கும் நாளில்தான் ஆலைக்காரர்கள் நம்மைத் தேடி வருகிறார்கள். அதுவரை, பழைய கணினியைப் போல நடந்துகொள்ளும் டாஸ்பாக்ஸ் போன்ற எமுலேட்டரில் ஓட்டிச் சமாளிக்கிறார்கள்.

அப்படிப்பட்ட நிரலைப் படிப்பதில் உள்ள இடர்ப்பாடு, அது பழையது என்பதால் வருவதன்று. ஃபாக்ஸ்ப்ரோ 2.6இல் லோக்கல் வேரியபிள், அதாவது ஒரு புரொசீஜருக்குள் மட்டும் தெரியும் வேரியபிள் என்ற ஒன்றே கிடையாது. ஒரு புரொசீஜரில் எதையும் அறிவிக்காமல் உருவாக்கும் வேரியபிள், அந்தப் புரொசீஜர் அழைக்கும் எல்லாவற்றுக்கும், அவை அழைக்கும் எல்லாவற்றுக்கும் தெரியும். அங்கெல்லாம் அதன் மதிப்பை மாற்றவும் முடியும். ஆகவே சாக்குக் கழிவைக் கணக்கிடும் புரொசீஜருக்கு எடை எங்கிருந்து வந்தது என்பதை அந்தப் புரொசீஜரை மட்டும் படித்துக் கண்டுபிடிக்க இயலாது. யார் யார் அதை அழைக்கிறார்கள் என்று மேலே ஏறிப் பார்க்க வேண்டும். இதோடு ஒர்க் ஏரியா என்ற ஏற்பாடு வேறு இருக்கிறது. எந்த அட்டவணை இப்போது நடப்பில் இருக்கிறது, அதில் எந்தப் பதிவின் மேல் சுட்டி நிற்கிறது என்பதும் நிரல் முழுமைக்கும் பொதுவான நிலை. ஒரு புரொசீஜர் பேரேட்டு அட்டவணைக்குப் போய்விட்டுத் திரும்பி வராமல் முடிந்தால், அதை அழைத்தவர் எழுதும் அடுத்த வரி வேறோர் அட்டவணையில் போய் விழும். இந்த மறைவான பற்றுக்கயிறுகளை அறுக்காமல் கிளாஸ் என்ற பெயரை மட்டும் சூட்டினால், கயிறுகளும் அப்படியே கூட வந்துவிடும்.

மறுபொறியியல் என்ற சொல்லுக்கு மென்பொருள் ஆய்வாளர்களான எலியட் சிக்கோஃப்ஸ்கியும் ஜேம்ஸ் கிராஸும் 1990இல் கொடுத்த வரையறை இன்றும் எனக்குப் பயன்படுகிறது: இருக்கும் அமைப்பை ஆராய்ந்து, புதிய வடிவத்தில் மறுபடி அமைப்பது. ஆராய்வது முதல் பாதி. அதைத் தாண்டிக் குதித்துவிட்டு, கணக்கர் வாய்மொழியாகச் சொல்வதை மட்டும் கேட்டுப் புதிதாக எழுதத் தொடங்கினால், நிரலுக்குள் மட்டுமே வாழும் விதிகள் காணாமல் போகும். மனிதர்கள் தினமும் செய்யும் வேலையை முழுமையாகச் சொல்ல மாட்டார்கள். அதை மறைப்பதாக எண்ண வேண்டாம். நிரல் தானாகச் செய்துவிடும் காரியம் அவர்கள் நினைவில் இல்லை, அவ்வளவுதான்.

அதனால் எந்தக் கிளாஸையும் எழுதுவதற்கு முன், பழைய நிரல் இன்று எப்படி நடந்துகொள்கிறது என்பதை அப்படியே பிடித்துவைக்க வேண்டும். கடந்த பருவங்களின் கொள்முதல் சீட்டுகள் கோப்பில் இருந்தன: எடை, சாக்கு எண்ணிக்கை, ஈரப்பதம், விலை ஆகியவை உள்ளீடு, விவசாயி கையில் வாங்கிய தொகை வெளியீடு. அதே உள்ளீட்டைப் புதிய நிரலுக்குக் கொடுத்து, ஒவ்வொரு சீட்டிலும் அதே தொகை வருகிறதா என்று ஒப்பிட ஒரு சோதனைத் தொகுதியை எழுதினோம். இந்தச் சோதனை, நிரல் சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வதில்லை. நடத்தை மாறியிருக்கிறதா என்று மட்டும் சொல்கிறது. அது போதும், அதுதான் அப்போது தேவை.

முதல் ஒப்பீட்டிலேயே சில சீட்டுகளில் சரியாக ஒரு ரூபாய் குறைந்தது. காரணம் முழுமையாக்கல். ஃபாக்ஸ்ப்ரோவின் ரவுண்ட் கட்டளை ஐம்பது காசை எப்போதும் மேலே தள்ளும்: 12,346.50 என்பது 12,347 ஆகும். நாங்கள் புதிய நிரலை எழுதிய சி ஷார்ப் மொழியில், வேறெதுவும் சொல்லாமல் விட்டால், சரிபாதியில் நிற்கும் எண் அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போகும்: அதே தொகை 12,346 ஆகும். 12,347.50 என்றால் இரண்டிலும் 12,348தான் வரும். எனவே பிழை எல்லாச் சீட்டிலும் வராது, சிலவற்றில் மட்டும் வரும். கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாது. ஒரு ரூபாய்தானே என்று விட்டுவிடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். களத்தில் நெல்லைக் காயவைத்து, டிராக்டர் வாடகை கொடுத்துக் கொண்டுவந்தவருக்கு அந்த ஒரு ரூபாய் சேர வேண்டியது. இதைப் போலவே, ஃபாக்ஸ்ப்ரோ தரவைச் சேமித்துவைக்கும் டிபிஎஃப் கோப்பில் அழித்த பதிவு உண்மையில் அழிவதில்லை. பதிவின் முதல் பைட்டில் ஒரு நட்சத்திரக் குறி விழுகிறது, பேக் கட்டளை கொடுக்கும்வரை தரவு அங்கேயே இருக்கிறது. அந்தக் குறியைப் பார்க்காமல் கோப்பை நேரடியாகப் படித்தால், ரத்துசெய்த சீட்டுகளும் கூட்டலில் சேர்ந்துவிடும்.

நடத்தை பிடிபட்ட பிறகுதான் எங்கே வெட்டுவது என்ற கேள்வி வருகிறது. கணினி அறிவியலாளர் டேவிட் பார்னஸ் 1972இல் எழுதிய ஒரு கட்டுரையின் கருத்து இந்த இடத்தில் எனக்கு வழிகாட்டி. வேலை நடக்கும் வரிசைப்படி நிரலைப் பகுதிகளாக வெட்டாதீர்கள். எந்தத் தீர்மானம் பின்னால் மாறக்கூடுமோ, அந்தத் தீர்மானத்தை ஒரு பகுதிக்குள் மறைத்துவையுங்கள் என்பது அதன் சாரம். ஆலை நிரல் முழுக்க முழுக்க வேலை வரிசைப்படி அமைந்திருந்தது: எடை போடு, கழி, விலை போடு, பிடித்தம் செய், அச்சிடு. இந்த ஐந்து படிகளை ஐந்து கிளாஸ்களாக்கினால், சாக்கு பற்றிய ஒரு தீர்மானம் ஐந்திலும் பரவி நிற்கும். ஆகவே படிகளை ஒதுக்கிவைத்துவிட்டு, வேரியபிள்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தோம். எந்த வேரியபிளை எந்தப் புரொசீஜர் எழுதுகிறது, எது படிக்கிறது என்று கட்டம் போட்டுக் குறித்துக்கொண்டு போனால், சில வேரியபிள்கள் எப்போதும் சேர்ந்தே தொடப்படுவது தெரியவரும். சாக்கின் வகை, எண்ணிக்கை, கழிவு எடை மூன்றும் எங்கும் ஒன்றாகவே நடமாடின. ஓர் ஆப்ஜெக்ட் அங்கே பெயரில்லாமல் இருந்திருக்கிறது என்று பொருள்.

இந்தக் கட்டத்தைப் போட்டபோதுதான் ஈரக் கழிவில் ஒரு முரண் வெளிப்பட்டது. கொள்முதல் திரைக்குரிய புரொசீஜரில் 17 சதவீதத்துக்கு மேல் ஒவ்வொரு சதவீத ஈரத்துக்கும் குவிண்டாலுக்கு ஒரு கிலோ கழிக்கப்பட்டது. அரசு நேரடி கொள்முதல் நிலையங்களிலும் வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவீதம்தான் என்பதால் அந்த எண் எனக்கு வியப்பளிக்கவில்லை. ஆனால் லாரி வரவுக்கான வேறொரு புரொசீஜரில் சூத்திரம் வேறாக இருந்தது: எடையை, நூறிலிருந்து ஈரத்தைக் கழித்து வரும் எண்ணால் பெருக்கி, 83ஆல் வகுத்தார்கள். நெல்லின் உலர் பொருள் மாறாது என்ற கணக்கின்படி இதுவே துல்லியமானது. 20 சதவீத ஈரமுள்ள ஒரு குவிண்டாலுக்கு முதல் முறையில் 3 கிலோ கழியும். இரண்டாம் முறையில் 80ஐ 83ஆல் வகுத்தால் 96.386 கிலோ நிற்கும், அதாவது 3.614 கிலோ கழியும். ஒரே நெல், ஒரே மீட்டர், இரண்டு விடைகள்.

எந்த நிரலாளரும் இதை ஒரு பிழை என்றே முதலில் எடுத்துக்கொள்வார். இரண்டையும் ஒன்றாக்கி, துல்லியமான சூத்திரத்தை மட்டும் வைத்துக்கொள்ளத் தோன்றும். ஆலையின் கணக்கரிடம் கேட்டோம். எடைமேடைக்குப் பக்கத்து அறையில் பல பருவங்களைப் பார்த்தவர் அவர்.

“அது தப்பு இல்லீங்க தம்பி. சொந்த நெல்லைக் கொண்டாற விவசாயிக்கு கிலோ கணக்கு, லாரியில ஏத்தியாற வியாபாரிக்கு சூத்திரக் கணக்கு. பெரிய முதலாளி காலத்திலேருந்து அப்படித்தான்.”

“இது எங்கேயாவது எழுதி வச்சிருக்கா ஐயா?”

“எழுதி வைக்கல. நெரல்லதான் இருக்கு.”

இரண்டு புரொசீஜர்களில் இரண்டு விதமாக இருந்த கணக்கு, அந்த ஆலையின் ஒரு கொள்கை. 20 சதவீத ஈரத்தில் குவிண்டாலுக்கு அறுநூறு கிராம் விவசாயிக்குச் சாதகமாக இருக்கும்படி யாரோ ஒருவர் மனமறிந்து எடுத்த முடிவு அது. துப்புரவு என்ற பெயரில் அதை நாங்கள் ஒன்றாக்கியிருந்தால், ஈரம் மிகுந்த ஒவ்வொரு குவிண்டாலிலும் விவசாயிக்கு நட்டம் ஏற்பட்டிருக்கும். நட்டம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. இரட்டிப்பாக இருக்கும் நிரல் வரிகளை ஒன்றாக்குவது நல்ல பழக்கம் என்று எல்லா இடத்திலும் சொல்லித்தருகிறார்கள். ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு துண்டுகள் ஏன் வேறுபடுகின்றன என்று தொழில் தெரிந்தவரிடம் கேட்பதற்கு முன் அவற்றைத் தொடக் கூடாது என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லித்தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி அந்த விதியை எங்கே வைப்பது? பொருள்நோக்கு நிரலாக்கத்தைப் பாடமாகப் படித்தவருக்கு உடனே தோன்றும் வடிவம், விற்பவர் என்று ஒரு தாய் கிளாஸும் அதன்கீழ் விவசாயி, வியாபாரி என்று இரண்டு வாரிசுகளும்தான். டெல்டாவின் நெல் வணிகத்தை அறிந்தவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சொந்தமாகச் சில மா நிலமும் குத்தகைக்கு இன்னும் கொஞ்சமும் பயிரிடும் ஒருவர், குறுவையில் தன் நெல்லை டிராக்டரில் கொண்டுவருவார். சம்பாவில் ஊரில் நாலு பேரிடம் நெல்லைப் பிடித்து லாரியில் அனுப்புவார். மனிதர் ஒருவரே, முன்பணமும் பேரேடும் ஒன்றே. வரவின், அதாவது ஒரு தடவை வந்து இறங்கும் நெல்லின், தன்மை மட்டும் மாறுகிறது. ஓர் ஆப்ஜெக்ட் தன் கிளாஸைப் பாதியில் மாற்றிக்கொள்ள முடியாது என்பதால், வாரிசு முறையில் அவரை இரண்டு பேராகப் பதிய வேண்டிவரும். முன்பணப் பிடித்தம் உடனே குழம்பும். எனவே ஈரக் கழிவு விதி மனிதரிடம் இல்லை, வரவிடம் இருக்கிறது என்று தீர்மானித்தோம். ஒவ்வொரு வரவும் தனக்குரிய ஈரக் கழிவு விதியைத் தன்னோடு வைத்திருக்கிறது. கிலோ விதி ஒரு கிளாஸ், சூத்திர விதி இன்னொன்று, இரண்டும் ஒரே இன்டர்ஃபேஸை, அதாவது வெளியிலிருந்து ஒரே விதமாக அழைப்பதற்கான ஒப்பந்தத்தை, நிறைவேற்றுகின்றன. வரவு தன் நிகர எடையைச் சொல்லும்போது, எந்த விதி உள்ளே இருக்கிறது என்பதைப் பற்றிச் சீட்டு அச்சிடும் பகுதிக்குக் கவலையில்லை. பருவம் தவறிய மழையில் நெல் நனைந்து, வரம்பைத் தளர்த்தும் ஆண்டுகளில் 17 என்ற எண்ணை மாற்ற வேண்டிய இடமும் இப்போது ஒன்றே ஒன்று. முன்பு அது வெறும் எண்ணாக நிரல் முழுவதும் தூவிக் கிடந்தது.

சிப்பம் பற்றிய விதியும் இப்படியே வெளிவந்தது, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அரிசிக்கு வரி உண்டா இல்லையா என்பது பதிவுபெற்ற வணிகப் பெயரைப் பொறுத்திருந்தது. 18.7.2022 முதல் அது மாறி, 25 கிலோ வரையிலான, முன்கூட்டியே சிப்பமிட்டுப் பெயரிட்ட அரிசிக்கு 5 சதவீத வரி என்று ஆனது. கடைகளில் 26 கிலோ மூட்டைகள் தோன்றியது அதன் பிறகுதான். பழைய நிரலில் 25 என்ற எண் இருப்பு, விற்பனை, வரி, சாக்குக் கொள்முதல், மாதாந்திர அறிக்கை என்று பல கோப்புகளில் இருந்தது. அவற்றுள் சில எடையைக் குறித்தன, சில வரிக்கான வரம்பைக் குறித்தன, பார்த்தால் இரண்டும் 25தான். சிப்பம் என்ற ஆப்ஜெக்ட் தன் எடையை மட்டும் அறியும். வரி விதி, சிப்பத்தையும் சீட்டின் தேதியையும் வாங்கிக்கொண்டு விகிதத்தைச் சொல்லும் என்று பிரித்தவுடன் அந்தக் குழப்பம் தீர்ந்தது. தேதி எதற்கென்றால், பழைய சீட்டுக்குரிய சரக்கு திரும்பி வந்து கணக்குப் போடும்போது அன்றைய விதிதான் செல்லும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றும் துணிச்சலை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மென்பொருள் நூலாசிரியர் மார்ட்டின் ஃபவுலர் ஆஸ்திரேலியக் காட்டில் கண்ட ஓர் அத்தி இனத்தை வைத்து 2004இல் விளக்கிய முறையே நல்லது: பழைய நிரல் ஓடும்போதே புதியதை அதைச் சுற்றிப் பகுதி பகுதியாக வளர்ப்பது. நம் ஊரில் பனையைச் சுற்றிக்கொண்டு வளரும் ஆலமரத்தைப் பார்த்தவர்களுக்கு அதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. பனை நிற்கும்போதே ஆல் விழுது விட்டுத் தரையைத் தொட்டுவிடும். எங்கள் திட்டத்தில் முதலில் கழிவுக் கணக்கு மட்டும் புதிய நிரலுக்கு வந்தது. சீட்டும் பேரேடும் பழையதிலேயே தொடர்ந்தன. இரண்டும் ஒரே டிபிஎஃப் கோப்புகளைப் படித்தன. இதற்கு, புதிய நிரல் அந்தக் கோப்புகளைப் படிக்க உதவும் மைக்ரோசாஃப்டின் ஓஎல்ஈ டிபி இணைப்பைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியது, அது 32 பிட்டில் மட்டுமே கிடைக்கிறது. புதிய நிரலையும் 32 பிட்டாகவே தொகுக்க வேண்டியிருக்கும். கோப்பைத் தொடும் வரிகளையெல்லாம் ஒரே கிளாஸுக்குள் அடைத்துவைத்தால், பின்னாளில் தரவுத்தளம் மாறும்போது மற்ற கிளாஸ்களுக்குச் சேதியே போகாது. மாற்றத்துக்குரிய காலமும் முக்கியம். சம்பா, தாளடி அறுவடை நெல் வந்து முடிந்த பிறகு, குறுவை நெல் வரத் தொடங்குவதற்கு முன் உள்ள மாதங்களில்தான் ஆலை அலுவலகம் நம்மோடு உட்கார்ந்து பேசும். ஜனவரி, பிப்ரவரியில் எடைமேடையில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது புதிய நிரலை நிறுவுவது அவர்களுக்குச் செய்யும் கொடுமை.

எல்லாவற்றையும் ஆப்ஜெக்டாக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. மாத இறுதி அறிக்கைகள் தரவை எடுத்து, கூட்டி, அச்சிடுகின்றன. அவற்றில் மறைத்துவைக்க வேண்டிய தீர்மானம் எதுவும் இல்லை. அவை நேரான புரொசீஜர்களாகவே இருக்கின்றன, இருக்கட்டும். விவசாயிகளின் பெயர்ப் பட்டியலில் மட்டும் எதிர்பாராத வேலை இருந்தது. டாஸ் காலத்தில் பெயர்களை ஆங்கில எழுத்தில் பதிந்திருந்தார்கள். ஒரே ஊரில், ஒரே முன்னெழுத்தில், ஒரே பெயரில் இருவர் இருப்பார்கள், ஒருவரே இரண்டு எழுத்துக்கூட்டலிலும் இருப்பார். பெயர் ஒன்றானால் ஆளும் ஒருவர் என்று கொள்ளக் கூடாது என்பதால், பேரேட்டு எண்ணையே அடையாளமாக வைத்து, தந்தை பெயரையும் ஊரையும் பண்புகளாக மாற்றினோம். இணைக்க வேண்டியவற்றைக் கணக்கர் ஒவ்வொன்றாகப் பார்த்து ஒப்பிய பின்னரே இணைத்தோம்.

அரசுக்காக நெல்லை அரைத்துக் கொடுக்கும் கணக்கு இன்னும் பழைய நிரலிலேயே இருக்கிறது. அங்கே 100 கிலோ நெல்லுக்குப் புழுங்கல் என்றால் 68 கிலோ, பச்சரிசி என்றால் 67 கிலோ என்ற விகிதம் நிரலின் பல இடங்களில் எண்ணாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் 0.68க்குப் பதிலாக 0.685 என்று இருப்பதைக் கட்டத்தில் குறித்துவைத்திருக்கிறோம். அது தட்டச்சுப் பிழையா, ஏதோ ஓர் ஆண்டில் ஆலை தனக்காக வைத்துக்கொண்ட கணக்கா என்பது, கோடையில் பழைய அரவைப் பதிவேடுகளைக் கணக்கரோடு உட்கார்ந்து புரட்டிய பிறகு தெரியும். அதுவரை அந்த வரியை யாரும் திருத்த வேண்டாம் என்று நிரலிலேயே ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன்.